குலுக்கலில் விழுந்த பிராங்ஹார்ன் டேக்: வாசகர் கேள்வி பதில்

வயோமிங் மாநிலம் வேட்டை அனுமதிச் சீட்டுகளை, அதாவது டேக்குகளை, குலுக்கலில் கொடுக்கிறது. அதன் ஜூன் மாத முடிவு வந்ததிலிருந்து பிராங்ஹார்ன் வேட்டை பற்றி வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. முதல்முறை போகிறவர்கள் எழுதியவைதான் அதிகம். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். உள்ளூர்க்காரர்கள் இதை ‘ஆன்டிலோப்’ என்பார்கள். விலங்கியல்படி அது ஆன்டிலோப்பும் இல்லை, மானும் இல்லை. பேச்சு வசதிக்காக மான் என்றே எழுதுகிறோம்.

கேள்வி (டாலஸ்): நான்கு வருஷம் புள்ளி சேர்த்து இந்த முறை ‘டைப் 1’ டேக் விழுந்திருக்கிறது. சீசன் செப்டம்பர் கடைசியில். அதுவரை என்ன செய்ய வேண்டும்?

முதலில் டேக்கை ஒரு வரி விடாமல் படியுங்கள். ஏரியா எண், டைப், தேதி, அதோடு பொடி எழுத்தில் இருக்கும் கட்டுப்பாடு. டைப் 1 என்றால் ஆணோ பெண்ணோ எடுக்கலாம். டைப் 6 என்றால் பெண் அல்லது குட்டி மட்டும். சில டேக்குகள் தனியார் நிலத்தில் மட்டும் செல்லும், சில ஏரியாவின் ஒரு மூலையில் மட்டும். சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் மான் உங்கள் மான் இல்லை என்பது சுடுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். டேக்கை நண்பருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. விண்ணப்பத்தின் முதல் விருப்பத்தில் விழுந்ததால், குலுக்கலில் வாய்ப்பைக் கூட்டுவதற்காகச் சேர்த்த புள்ளியும் பூஜ்யமாகிவிட்டது.

1966 ஜனவரி 1-ம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் ‘ஹன்டர் எஜுகேஷன்’ என்ற வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். உங்கள் மாநிலத்தில் வாங்கியதே போதும். ஆனால் சில மாநிலங்களில் இணைய வகுப்பு முடித்த பிறகு ஒரு நாள் நேரடிப் பயிற்சிக்கும் போக வேண்டியிருக்கும், அதற்கு இடம் கிடைப்பது கோடையில் கஷ்டம். இன்றே பதிவு செய்யுங்கள்.

ஜூலை முழுக்க வரைபட வேலை. ஆகஸ்டில் அந்த ஏரியாவைக் கவனிக்கும் வனவிலங்கு உயிரியலாளரைத் தொலைபேசியில் அழையுங்கள். மாநில ‘கேம் அண்ட் ஃபிஷ்’ துறையில் இப்படிப்பட்ட அழைப்புகளுக்குப் பதில் சொல்வது வழக்கம்தான். “நல்ல இடம் எது?” என்று கேட்டால் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும். “செப்டம்பர் கடைசியில் எந்தத் தண்ணீர் வற்றாமல் இருக்கும், போன குளிர்காலத்தில் எந்தப் பக்கம் சாவு அதிகம், பொதுநிலத்துக்குள் போகும் எந்தப் பாதையில் மழைக்குப் பின் வண்டி ஓடாது” என்று கேளுங்கள். பென்சிலும் காகிதமும் பக்கத்தில் இருக்கட்டும்.

அந்த மூன்றாவது கேள்வி சாதாரணமானதல்ல. கிழக்கு, மத்திய வயோமிங்கில் பல பாதைகள் பென்டனைட் களிமண். அரை மணி மழை போதும், சாந்து போல டயரில் அப்பி, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அடைத்துக்கொள்ளும். நாலு சக்கர டிரைவ் இருந்தாலும் வண்டி பக்கவாட்டில் வழுக்கும். காற்றும் வெயிலும் பாதையைக் காயவைக்கும்வரை உட்கார்ந்திருப்பதுதான் வழி. உள்ளே போகும்போதே இரண்டு நாளுக்கான தண்ணீர், சாப்பாடு வண்டியில் இருக்க வேண்டும்.

கேள்வி (சான் ஹோசே): நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கியைத் தொடுவதே குற்றம் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. அதே சட்டத்தில் விலக்கும் இருக்கிறது: அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் தடை பொருந்தாது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை.

மாட்டிக்கொள்வது எங்கே என்றால், லைசென்ஸ் தேதியில். பயிற்சிக்காகக் கோடையில் துப்பாக்கிக் களத்துக்குப் போகும் நாளிலும் செல்லுபடியாகும் லைசென்ஸ் உங்களிடம் இருக்க வேண்டும். சீசன் முடிந்து லைசென்ஸ் காலாவதியான மறுநாள் ரைபிள் வீட்டு அலமாரியில் இருந்தால் அது குற்றம். நண்பரின் ரைபிளைக் கடன் வாங்கினாலும் இதே கணக்குதான். குடியிருக்கும் மாநிலத்துக்குத் தனிச் சட்டமும் இருக்கலாம். விசா சம்பந்தப்பட்ட விஷயத்தில் தவறுக்கு விலை அதிகம். ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு இறங்குங்கள்.

கேள்வி (டென்வர்): வரைபடத்தில் பொதுநிலமும் தனியார் நிலமும் சதுரங்கப் பலகை மாதிரி இருக்கிறது. மூலைக்கு மூலை தாண்டிப் போகலாமா?

அந்தச் சதுரங்கம் ரயில் பாதை போட்ட காலத்தது. 1862 முதல் ரயில் கம்பெனிக்கு ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைலாக நிலம் கொடுத்தார்கள். மிச்சம் அரசிடம் நின்றது. தெற்கு வயோமிங்கில் இது பல மைல் அகலத்துக்குப் பரந்து கிடக்கிறது.

எல்க் மவுன்டன் பகுதியில் மூலை தாண்டிய நான்கு வேட்டைக்காரர்கள் மீது நில உரிமையாளர் தொடர்ந்த வழக்கில், 2025 மார்ச்சில் 10-வது சுற்று (பல மாநிலங்கள் அடங்கிய நீதிமன்ற வட்டாரம்) மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1885-ம் வருஷத்துச் சட்டம் ஒன்றுதான் அதற்கு அடிப்படை: பொதுநிலத்துக்குப் போகும் வழியைத் தனியார் அடைக்கக் கூடாது. அதே வருஷம் அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. ஆகவே அந்தச் சுற்றில் வரும் வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ மாநிலங்களில் தனியார் மண்ணை மிதிக்காமல் பொதுநிலத்திலிருந்து பொதுநிலத்துக்குக் கால் வைக்கலாம். மொன்டானா வேறு சுற்று. இந்தத் தீர்ப்பு அங்கே செல்லாது.

நடைமுறையில் கவனிக்க வேண்டியது இது. செல்போன் காட்டும் புள்ளி பத்துப் பதினைந்தடி தள்ளி நிற்பது சகஜம். மூலை என்பதோ ஒரு புள்ளி. நில அளவையாளர் நட்ட உலோகத் தலையுள்ள குறிக்கல்லைக் கண்ணால் பார்த்தால் மட்டும் தாண்டுங்கள், வேலியைத் தொடாமல் தாண்டுங்கள். கல் கிடைக்கவில்லையா, சுற்றிப் போங்கள்.

வேறு வழிகளும் உண்டு. மாநிலத் துறையின் ‘வாக்-இன்’ பகுதிகளில் தனியாக அனுமதி கேட்க வேண்டாம், விதிப்பலகையில் இருப்பதைக் கடைப்பிடித்தால் போதும். ‘ஹன்டர் மேனேஜ்மென்ட் ஏரியா’ என்றால் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். பிஎல்எம் என்ற கூட்டரசு நில நிர்வாகத் துறையின் நிலத்தில் கூடாரம் போடலாம். மாநில டிரஸ்ட் நிலத்தில் வேட்டையாடலாம். அங்கே ராத் தங்குவதும் பாதையை விட்டு வண்டி ஓட்டுவதும் கூடாது. பண்ணைக்காரரிடம் அனுமதி கேட்பதாக இருந்தால் ஜூலையில் கேளுங்கள். சீசன் முதல் நாள் விடியற்காலை கதவைத் தட்டுகிறவருக்கு யாரும் ‘சரி’ சொல்வதில்லை.

கேள்வி (சியாட்டில்): எந்த ரைபிள், எவ்வளவு தூரம்? யூடியூபில் 600 கஜத்தில் சுடுகிறார்களே.

பெரிய துப்பாக்கி தேவையில்லை. ஆண் மான் 100 முதல் 130 பவுண்டு, அவ்வளவுதான். .243 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர், .25-06, .270 என்ற தோட்டா வகைகளில் எதுவும் போதும். இருப்பதை எடுத்துப்போங்கள்; புதுசு வாங்கும் பணத்தைத் தோட்டாவில் போட்டுப் பழகுங்கள்.

தூரத்தைத் தீர்மானிப்பது காற்று. 6.5 கிரீட்மோரில் 140 கிரெய்ன் எடைத் தோட்டாவுக்கு ஸ்கோப்பின் குறியை 200 கஜத்தில் பொருத்தினால், 300 கஜத்தில் ஏறக்குறைய 7 அங்குலம் இறங்கும். அதை மனசில் கணக்குப் போட்டுவிடலாம். குறுக்குக் காற்று மணிக்கு 10 மைல் அடித்தால் அதே 300-ல் 5 அங்குலத்துக்குச் சற்று மேல் தள்ளும். வயோமிங்கில் 20 மைல் காற்று சாதாரண நாள். அப்போது சுமார் 11 அங்குலம். நுரையீரலும் இதயமும் இருக்கும் இடம் 8 அங்குல வட்டம். நடுவில் குறிவைத்த தோட்டா வட்டத்தை விட்டு வெளியே போய் வயிற்றில் விழும், இல்லை தப்பும். காற்றைத் துல்லியமாகப் படிக்கத் தெரியாதவர்களுக்கு 250 கஜம் நல்ல வரம்பு. காற்று பலமாக இருக்கும் நாளில் 150. வெட்டவெளியில் 600-ல் பார்த்த மானை 200-க்குக் கொண்டுவருவதுதான் இந்த வேட்டை. நேரம் நிறைய இருக்கிறது. காட்டு மான் போல ஒரு புதருக்குள் மறைந்து காணாமல் போகாது.

இன்னும் இரண்டு விஷயம். வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் முதுகுக்கு மேலே சுட்டுத் தவற விடுகிறார்கள். வழக்கமான மானைவிட இது சின்ன உடம்பு, அதனால் கண்ணுக்கு இருப்பதைவிடத் தூரமாகத் தெரியும், கை தானாக மேலே பிடிக்கும். லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் இல்லாமல் போகாதீர்கள். இரண்டாவது, குழல் ஸ்கோப்புக்கு ஒன்றரை இரண்டு அங்குலம் கீழே இருக்கிறது. மேட்டு விளிம்பில் படுத்துச் சுடும்போது ஸ்கோப்பில் மான் தெளிவாகத் தெரியும், குழலுக்கு எதிரே மண்மேடு நிற்கும். புழுதி கிளம்பும், மான் ஓடும், துப்பாக்கி சரியில்லை என்று ஆள் நொந்துபோவார். குழலின் வாய்க்கு முன்னால் பத்தடி தூரத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு விரலை வையுங்கள். இதே காரணத்தால் 9 அங்குலக் குட்டைக் கால் பைபாடு (துப்பாக்கியைத் தாங்கும் இரட்டைக் கால்) இங்கே உதவாது, சேஜ் புதர் அதைவிட உயரம். உட்கார்ந்து சுடும் உயரத்துக்கு நீளும் பைபாடோ கவட்டைக் கோலோ எடுத்துப் போய், வீட்டிலேயே அதில் உட்கார்ந்து பழகுங்கள்.

கேள்வி (ஹூஸ்டன்): ஒரு மைல் தூரத்திலேயே பார்த்துவிடுகிறது என்கிறார்கள். எப்படிக் கிட்டே போவது?

பார்க்கத்தான் செய்யும். உடம்பின் அளவுக்கு மிகப் பெரிய கண், அதுவும் தலையின் பக்கவாட்டில். கண்ணையும் காலையும் நம்பி வாழும் பிராணி. மணிக்கு 55 மைல் ஓடும். வட அமெரிக்காவில் இதைப் பிடிக்க இன்று எதனாலும் முடியாது.

அதன் பலவீனம் தரைதான். தூரத்திலிருந்து தட்டையாகத் தெரியும் புல்வெளி உண்மையில் தட்டை இல்லை. மழைத் தண்ணீர் அரித்த ஓடைகள், ஆளுயர மடிப்புகள், ஒருவர் தவழ்ந்தால் மறையும் பள்ளங்கள் நிறைய. காலையில் முதல் வெளிச்சத்தில் உயரமான இடத்தில் உட்கார்ந்து, 10x42 பைனாகுலரால் மெதுவாகத் துழாவுங்கள். பத்து மணிக்கு மேல் கானல் எழும்பி உருவம் ஆடத் தொடங்கும், அதற்குள் கூட்டத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டும். கண்டதும் கிளம்பாதீர்கள். மேய்ந்துகொண்டே நகரும் கூட்டத்தின் பின்னால் போனால் எப்போதும் நீங்கள் பின்னால்தான். படுக்கும்வரை காத்திருங்கள், அல்லது அது போகும் திசையில் அரை மைல் முன்னால் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி ஓடிக்கொண்டிருந்தால் மான் சும்மா பார்க்கும், நின்றால் கிளம்பிவிடும். ஆகவே கூட்டத்தைப் பார்த்ததும் பிரேக் போடாமல் தாண்டிப் போய், மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைவாக நிறுத்துங்கள். கதவைச் சாத்தும் சத்தம் வேண்டாம். பொதுச்சாலையிலிருந்தோ வண்டியிலிருந்தோ சுடுவது சட்டவிரோதம், வண்டியில் விரட்டுவதும் அப்படியே.

கடைசி 200 கஜம் வயிற்றால் போக வேண்டியது. தரையெல்லாம் சப்பாத்திக் கள்ளி. தோல் கையுறையும் முழங்கால் பட்டையும் இல்லாதவர் பாதி வழியில் எழுந்து நின்றுவிடுவார், வேட்டை அங்கேயே முடிந்தது. செப்டம்பரில் சாரைப்பாம்பு மாதிரி நழுவிப் போகாமல் சுருண்டு கிடக்கும் கிலுகிலுப்பைப் பாம்பும் உண்டு. கை வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள். விளிம்பை நெருங்கும்போது தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு சேஜ் புதரின் ஓரமாகத் தலையைத் தூக்குங்கள், புதருக்கு மேலே தூக்காதீர்கள். புல் நுனிகளுக்கு மேல் முதலில் தெரிவது இரண்டு கறுப்புக் கொம்பு நுனிகள்தான், குச்சி மாதிரி. பிறகு காது அசையும். அந்த நேரத்தில் அசையாமல் முகத்தைப் புல்லில் வைத்து ஐந்து நிமிஷம் கிடங்கள். பின்புறத்து வெள்ளை மயிர் சிலிர்த்துப் பூப்போல விரிந்தால் கூட்டம் மிரண்டுவிட்டது, கிளம்பப் போகிறது. விரியவில்லை என்றால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. அது எழுந்து பக்கவாட்டில் நிற்கும்வரை காத்திருங்கள்.

வெட்டவெளி என்பதால், துப்பாக்கி சீசனில் ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பில் குறைந்தது ஒரு மேலாடை கட்டாயம் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி (அட்லான்டா): வில் சீசனில் போகிறேன். தண்ணீர்க் குட்டையில் உட்காரலாமா?

உட்காரலாம், வறண்ட ஆகஸ்டில் அதைவிட நல்ல வழி இல்லை. மறைப்புக் கூடாரத்தை மூன்று நான்கு நாள் முன்பே போட்டு மான்களைப் பழக்குங்கள். காற்று பிய்த்துக்கொண்டு போகாதபடி நான்கு மூலையிலும் முளையடித்துக் கட்டுங்கள். தண்ணீரிலிருந்து 20, 25 கஜம். உள்ளே கறுப்புச் சட்டை, பின் ஜன்னல்கள் அடைத்து. மான் நடுப்பகலிலும் வரும், ஆகவே விடியலிலிருந்து இருட்டும்வரை இருக்கத் தயாராகப் போங்கள். மழை பெய்து பள்ளமெல்லாம் தண்ணீர் தேங்கினால் அந்த வாரம் குட்டை பயனில்லை. நாண் சத்தத்துக்கே உடம்பைத் தாழ்த்தித் துள்ளும் பிராணி இது. வந்த உடனே எய்யாமல், தலை குனிந்து நாலு மடக்குக் குடித்துக் காதுகள் தளர்ந்த பிறகு எய்யுங்கள்.

கேள்வி (மினியாபோலிஸ்): கொம்பு பெரிசா சிறிசா என்று தூரத்திலிருந்து எப்படிச் சொல்வது?

காதுதான் அளவுகோல், சுமார் 6 அங்குலம். கொம்பு காதைப்போல் இரண்டு மடங்கு தெரிந்தால் 12 அங்குலம், நல்ல மான். நுனி உள்ளே நன்றாக வளைந்திருந்தால் இன்னும் ஒன்றிரண்டு சேரும். கவை, அதாவது முன்னால் பிரியும் கிளை, காது நுனிக்கு மேலே பிரிகிறதா பாருங்கள். பக்கவாட்டில் அடிக்கொம்பு கண்ணைவிட அகலமாகத் தெரிந்தால் பருமன் உண்டு. முன்னாலிருந்து பார்த்து முடிவெடுத்தால் ஏமாறுவீர்கள். டைப் 6 டேக்காரர்கள் தலைகீழாகப் பார்க்க வேண்டும்: பெண்ணுக்கும் சிறு கொம்பு உண்டு, ஆனால் காதைவிடக் குட்டை. தாடையில் கறுப்புத் திட்டு இருந்தால் ஆண்.

கேள்வி (சிகாகோ): கூட்டத்தில் நிற்கும் ஆணைச் சுடும்போது எங்கே குறி? அடிபட்டு ஓடினால்?

பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் பின்கோட்டை ஒட்டி, மார்பின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். பின்னால் வேறு மான் இருந்தால் சுடவே கூடாது. மெல்லிய உடம்பு, தோட்டா ஊடுருவிப் போய் அடுத்ததையும் சாய்க்கும். ஒரு டேக்குக்கு இரண்டு மான் என்றால் சட்டப்படியும் சிக்கல், மனசாட்சிப்படியும் சிக்கல். செப்டம்பர் கடைசி இணைசேரும் காலம் என்பதால் ஆண் பெண்களைச் சுற்றிச் சுற்றி ஓடும். இரண்டு நிமிஷத்தில் தனியாக வந்து நிற்கும், பொறுங்கள். ஓடும் மானைச் சுடாதீர்கள்.

சுட்டதும் எழுந்து கொண்டாடாமல், உடனே அடுத்த தோட்டாவை ஏற்றி ஸ்கோப்பிலேயே பாருங்கள். மான் இன்னும் நிற்கிறது என்றால் மறுபடி சுடுங்கள். நுரையீரலில் பட்டது நூறு கஜம் ஓடித் தானே விழும். முதுகைக் கூனிக்கொண்டு மெதுவாக நடந்தால் வயிற்றில் பட்டிருக்கிறது. பார்வையிலிருந்து விடாமல், துரத்தாமல், அது படுத்த பிறகு மறைவாக நெருங்கி முடித்துவையுங்கள். இடத்தை விட்டு எழுவதற்கு முன் மான் நின்ற இடத்தின் தூரத்தை லேசரில் அளந்து, பின்னணியில் ஒரு பாறையையோ வேலிக் கம்பத்தையோ குறித்துக்கொள்ளுங்கள். அங்கே போய் நின்றால் எல்லாச் சேஜ் புதரும் ஒரே மாதிரி இருக்கும்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): கறி வாடை அடிக்கும், சாப்பிடவே முடியாது என்று பலரும் சொல்கிறார்கள். அப்படியென்றால் எதற்கு இந்தப் பாடு?

மான் விழும்வரை அவசரமே வேண்டாம் என்றோம். விழுந்த பிறகு ஒவ்வொரு நிமிஷமும் அவசரம். வாடை என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் சூட்டில் கெட்டதைச் சாப்பிட்டவர்கள். சரியாகக் குளிர்வித்த பிராங்ஹார்ன் கறி, காட்டுக் கறிகளிலேயே மென்மையானது என்பது எங்கள் கருத்து.

காரணம் மயிர். ஒவ்வொரு மயிரும் உள்ளே காற்றறைகள் கொண்ட குழல். பூஜ்யத்துக்குக் கீழே வீசும் பனிக்காற்றில் உயிரைக் காப்பாற்றும் கம்பளி அது. செப்டம்பர் வெயிலில் 28 டிகிரி செல்சியஸில், உயிர் போன உடம்பின் சூட்டை அப்படியே உள்ளே பூட்டி வைக்கும். மானை வண்டியின் பின்னால் போட்டு, தோலோடு ஊருக்குள் சுற்றிக்காட்டிவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து உரித்தால், தொடை எலும்பைச் சுற்றியுள்ள கறி அதற்குள் புளித்திருக்கும்.

படம் எடுக்க ஐந்து நிமிஷம். டேக்கின் கூப்பனில் தேதியைக் குறித்துக் கையெழுத்திட்டு, இடத்தை விட்டு நகர்வதற்கு முன்பே மானோடு இணையுங்கள். அடுத்து குடல். பிறகு அங்கேயே தோல். ஆறடிக்கு எட்டடி சுத்தமான பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று போதும்.

கத்தியைத் தோலுக்கு வெளியிலிருந்து இழுக்காதீர்கள். ஒரு சிறு துளை போட்டு, கூர்ப்பக்கம் வானத்தைப் பார்க்கும்படி கத்தியைத் தோலுக்கு அடியில் நுழைத்து, உள்ளிருந்து வெளியே கீறுங்கள். வெளியிலிருந்து கீறினால் மயிர் துண்டுதுண்டாக வெட்டுப்பட்டு ஈரக்கறியில் ஒட்டிக்கொள்ளும், அந்த எண்ணெய்ப் பிசுக்குள்ள மயிர்தான் வாடையில் பாதி. மீதிப் பாதி சுரப்பிகள்: ஆணின் தாடைக் கறுப்புத் திட்டிலும், பின்புற வெள்ளைப் பகுதியிலும் இருக்கின்றன. ஒரு கை தோலுக்கு, ஒரு கை கத்திக்கும் கறிக்கும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். தோல் பிடித்த கை கறியைத் தொடக் கூடாது. உரித்து முடித்ததும் கையுறையை மாற்றி, கத்தியைத் துடைத்து, அப்புறம் நான்கு கால்கள், இரண்டு முதுகுப் பட்டைகள், உள்பக்க மென்சதை இரண்டு, கழுத்து. எல்லாவற்றையும் பருத்திப் பையில் போட்டு நிழலில் வையுங்கள். சூடான கறியைப் பிளாஸ்டிக் பையில் கட்டுவது அவித்து வைப்பதற்குச் சமம்.

ஐஸ் விஷயத்தில் கஞ்சம் வேண்டாம். 60, 70 குவார்ட் கூலர் இரண்டு, மொத்தம் 40 பவுண்டு ஐஸ். வீட்டிலிருந்து காரில் போகிறவர்கள் கேலன் பால் ஜாடிகளில் தண்ணீர் நிரப்பி உறையவைத்துக் கொண்டுபோகலாம், உருகினாலும் தண்ணீர் ஜாடிக்குள்ளேயே இருக்கும், குடிக்கவும் ஆகும். உதிரி ஐஸ் போட்டால் கூலரைச் சாய்த்து அடிக்குழாயைத் திறந்துவிடுங்கள். உருகிய தண்ணீரில் ஊறும் கறி வெளுத்துச் சுவை போய்விடும். 4 டிகிரிக்குக் கீழே வந்துவிட்டால் பிறகு நிதானமாக வேலை செய்யலாம். ஒரு நல்ல ஆணில் எலும்பு நீக்கிய கறி 40 பவுண்டுக்கு முன்னேபின்னே தேறும்.

விரட்டி விரட்டிச் சுட்ட மானின் கறி எவ்வளவு கவனித்தாலும் சுமார்தான். ஓடி ஓடித் தசையின் சர்க்கரை தீர்ந்துவிட்டால் கறியில் இயல்பாக ஏற வேண்டிய அமிலம் ஏறாமல் கறுத்து, சீக்கிரம் கெடும். படுத்திருந்து எழுந்து நின்ற மானைச் சுடுங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சமைப்பது பற்றி ஒரே வரி: கொழுப்பு இல்லாத கறி, ஆகவே முதுகுப் பட்டையை ஆட்டுக்கறி மாதிரி வேகவைத்தால் நார்தான் மிஞ்சும், சூடான கல்லில் சட்டென்று வாட்டி எடுங்கள், குக்கரில் போடக் கணுக்காலும் கழுத்தும் இருக்கின்றன.

கேள்வி (பாஸ்டன்): விமானத்தில் போய் வரலாமா?

போகலாம். ரைபிள் தோட்டா இல்லாமல், பூட்டிய கடினப் பெட்டியில், செக்-இன் கவுன்டரில் அறிவித்துத்தான் போக வேண்டும், கைப்பையில் கூடாது. தோட்டா அதன் பெட்டியில், பொதுவாக 11 பவுண்டு வரை. திரும்பும்போது கறியை உறையவைத்து மென்மையான கூலரில் செக்-இன் செய்யுங்கள். டிரை ஐஸ் போடுவதானால் ஒருவருக்கு 2.5 கிலோ வரை, வாயு வெளியேற வழிவிட்டு, விமான கம்பெனியிடம் முன்பே சொல்லி. வழியில் சோதனை நிலையம் இருந்தால் கையில் மான் இல்லாவிட்டாலும் நிறுத்த வேண்டும். ஆணா பெண்ணா என்பதைக் காட்டும் அடையாளத்தைக் கறியோடு எப்படி வைக்க வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு, நீங்கள் கடக்கும் மாநிலங்களையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி (நியூ ஜெர்சி): ஆசிரியர் குழுவுக்கு வணக்கம். அழிந்துவரும் ஒரு பிராணியைச் சுட வழிகாட்டுவது நியாயமா?

கேட்க வேண்டிய கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கணக்கில்லாமல் சுட்டுத் தள்ளியதில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த இனம் உண்மையிலேயே அழிவின் விளிம்பில் நின்றது. இன்று பல லட்சம் இருக்கின்றன, அதிகம் இருப்பது வயோமிங்கில். இடையில் நடந்தது சீசன் தடை, டேக் வரம்பு, 1937-ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம். ரைபிளிலும் தோட்டாவிலும் 11 சதவீத வரி பிடித்து அதை மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குக் கொடுக்கிறது அந்தச் சட்டம். அரிசோனா, மெக்சிகோ எல்லைப் பாலைவனத்தில் வாழும் சொனோரன் கிளையினம் இன்றும் அழியும் பட்டியலில்தான் இருக்கிறது. அதை யாரும் வேட்டையாட முடியாது.

டேக் எண்ணிக்கை வருஷா வருஷம் மாறும். 2022-23 குளிர்காலத்தில் ஆழ்பனி விழுந்து, பைன்டேல் பக்கம் மைக்கோபிளாஸ்மா போவிஸ் என்ற நிமோனியாக் கிருமியும் சேர்ந்து மான்களை வாரிக்கொண்டு போனது. அடுத்த சீசனில் ஆயிரக்கணக்கான டேக்குகளைக் குறைத்தார்கள். உங்களுக்கு டேக் விழாமல் போன வருஷங்களுக்கு அர்த்தம் அதுதான்.

இந்த இனத்துக்கு இன்று பெரிய பகை துப்பாக்கி இல்லை, வேலி. மணிக்கு 55 மைல் ஓடும் பிராணி வேலியைத் தாண்டப் பழகவில்லை, அடியில் புகுந்து போகும். அடிக்கம்பி தாழ்வாக, முள்ளாக இருந்தால் முதுகுத்தோல் கிழியும், அல்லது பனியில் கூட்டமே வேலியோடு நின்று சாகும். முள் இல்லாத அடிக்கம்பியைத் தரையிலிருந்து 16, 18 அங்குலத்துக்கு உயர்த்திக் கட்டினால் நிமிஷத்தில் கடந்துவிடும். கோடையில் பல இடங்களில் தன்னார்வலர்கள் இந்த வேலையைச் செய்கிறார்கள். டேக் வாங்கியவர்களும் வாங்காதவர்களும் ஒரு சனிக்கிழமை கொடுக்கலாம். கூடவே இன்னொன்று: ஈயத் தோட்டாவின் சிதறல் குடலோடு கிடந்து கழுகுகளின் வயிற்றுக்குள் போகிறது. செம்புத் தோட்டா இந்தத் தூரங்களுக்கு நன்றாகவே வேலை செய்யும்.

கேள்வி (சால்ட் லேக் சிட்டி): மண்டையோட்டைச் சுத்தம் செய்ய வேகவைத்தேன், கொம்பு கழன்று கையோடு வந்துவிட்டது. கெடுத்துவிட்டேனா?

இல்லை, அப்படித்தான் வர வேண்டும். வெளியே தெரிவது நகம் போன்ற பொருளால் ஆன உறை, உள்ளே எலும்புக் கூர். இணைசேரும் காலம் முடிந்ததும் மான் வருஷாவருஷம் அந்த உறையைத் தானே உதிர்த்துவிடும். கிளை பிரிந்த கொம்பை இப்படி உதிர்ப்பது உலகத்தில் இது ஒன்றுதான்.

உறை தளர்ந்ததும் எடுத்துவிடுங்கள். கொதிநீரில் தொடர்ந்து கிடந்தால் சுருங்கி உருமாறும். உள்ளே ஒட்டியிருக்கும் சவ்வைச் சுரண்டி, போராக்ஸ் தூவி, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். இதை விட்டால் பூச்சி உறையைத் தின்றுவிடும். மண்டையோட்டைத் தனியாக மெல்லிய கொதியில் வைத்துச் சுத்தம் செய்து, காய்ந்த பிறகு எலும்புக் கூரின் மேல் எபாக்சிப் பசை தடவி உறையை மாட்டுங்கள். இடது எது வலது எது என்று கழற்றும்போதே நூல் கட்டி அடையாளம் வைத்திருந்தால் இப்போது திணற வேண்டாம். வைக்கவில்லை என்றால், கவை முன்னாலும் நுனி உள்ளே வளைவதாகவும் இருக்கும்படி பொருத்திப் பாருங்கள். பெரிய கொம்புகளைப் பதிவு செய்யும் பூன் அண்ட் க்ராக்கெட் சங்கத்தின் பதிவுக்கு அளக்க நினைத்தால் 60 நாள் காய்ந்த பிறகே அளப்பார்கள்.